இரண்டாவது எண்ணிக்கை

ஜெர்மனி
4 செப்டம்பர் 2023

என் பகலவனுக்கு,

இங்கே எல்லாம் சரி. செம்மொழிக்குக் காய்ச்சல் விட்டதா? கஞ்சி குடிக்க அடம்பிடித்தால் பால் ஊற்றிக் கொடுங்கள்.

எண்ணி முடித்துவிட்டேன்! பழைய ஏரிச் சேற்றில் வருஷத்துக்கு ஒரு வெளிர்ப் படலமும் ஒரு கறுப்புப் படலமும். கடைசி இரண்டு பனியுகங்களுக்கு நடுவே உலகம் சூடாக இருந்த காலம் 12,900 வருஷம் நீடித்திருக்கிறது. இன்னொருவரும் தனியாக எண்ண வேண்டும் என்பது விதி. கூட வேலை செய்யும் மார்ட்டின், "நான் எண்ணட்டுமா?" என்றான். "என் வீட்டுக்காரருக்கு உன்னைவிடக் கூர்மையான கண்" என்று சொல்லிவிட்டேன். சேற்றுப் படங்களை அனுப்பியிருக்கிறேன், நீங்கள் எண்ணிச் சொல்லுங்கள். நவம்பரில் கருத்தரங்கு.

உங்கள் எழில்

மன்னார்குடி
2 அக்டோபர் 2023

எழில்,

காய்ச்சல் விட்டது. பிள்ளை இளைத்திருக்கிறாள்.

எண்ணினேன். உன் கணக்கு சரி.

உரக்கடையில் என்னை "டாக்டரம்மா வீட்டுக்காரர்" என்கிறார்கள். அந்த ஜெர்மனி வேலைக்கு நாம் இரண்டு பேருமே மனுப் போட்டோம் என்று ஒருத்தருக்கும் தெரியாது. நீ பனியுகம் எண்ணுகிறாய். நான் கல்லூரியில் விடைத்தாள் திருத்துகிறேன். போன வாரம் போனில் மார்ட்டின் பேரை ஏழு தடவை சொன்னாய்.

பகலவன்

ஜெர்மனி
20 நவம்பர் 2023

பகல்,

நேற்று மேடையில் பேசி முடித்ததும் ஒரு பேராசிரியர் எழுந்து படத்தைத் திரும்பப் போடச் சொன்னார். சேற்றைக் குழாய் குழாயாக எடுப்போம் அல்லவா, ஒரு குழாயின் அடியில் இருந்ததும் அடுத்த குழாயின் தலையில் இருந்ததும் ஒரே சேறு. 1,600 வருஷத்தை இரண்டு தடவை எண்ணியிருக்கிறேன். அரங்கில் யாரோ சிரித்தார்கள். கழிப்பறையில் போய் அழுதேன்.

"எண்ணியது இரண்டு பேர், இரண்டு பேருக்குமா தெரியவில்லை?" என்று மார்ட்டின் கேட்கிறான். நான் என்ன சொல்லட்டும்?

எழில்

மன்னார்குடி
28 நவம்பர் 2023

எழில்,

போனில் சொல்ல வாய் வரவில்லை.

எனக்கு வந்தது 11,300. ஒரே சேறு இரண்டு படங்களில் வந்திருந்ததை முதல் நாளே பார்த்துவிட்டேன். உனக்கு எழுதவும் உட்கார்ந்தேன். எழுதினால் நீயும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவீர்கள், பேர் வரும், இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்வார்கள் என்று தோன்றியது. நீ தோற்றாவது திரும்பி வந்தால் போதும் என்றிருந்தது. "சரி" என்று எழுதி அனுப்பிவிட்டு, அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன். அதை நினைத்தால்தான் கூசுகிறது.

"அம்மாகூடச் சண்டையாப்பா?" என்று செம்மொழி கேட்கிறாள். மன்னித்துவிடு. வந்துவிடு.

பகலவன்

ஜெர்மனி
9 டிசம்பர் 2023

பகலவன்,

உங்கள் எண்ணிக்கைத் தாளை அனுப்புங்கள். 11,300தான் சரி. கட்டுரையில் உங்கள் பேரும் வரும். அது உங்கள் உழைப்பு, அதை நான் மறைக்க மாட்டேன்.

ஜனவரி 12 திருச்சியில் இறங்குகிறேன். நேரே நீடாமங்கலம், அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். செம்மொழியை அங்கே கொண்டுவந்து விடுங்கள். அவளுடைய ஸ்கூல் டி.சி.யையும் வாங்கி வந்துவிடுங்கள்.

எழில்மொழி