எல்லாரும் வாங்குகிற ட்ரிகர்

என் வீட்டு மேனேஜருக்கு,

அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? உன் இருமல் நின்றதா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, எரிச்சல்தான்.

ஃபிளாஷைத் தள்ளி ஸ்டாண்டில் வைத்து, வயர் இல்லாமல் கேமராவிலிருந்தே எரியவைக்க ஒரு ரேடியோ ட்ரிகர் வாங்கினேன் அல்லவா? சனிக்கிழமை கல்யாணத்தில் அது என் மானத்தை வாங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டு போட்டோகிராபர் அழுத்தும்போதெல்லாம் என் ஃபிளாஷ் எரிந்தது. பெண் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுத நேரத்தில் நான் அழுத்தினேன். அப்போதுதான் அந்த போட்டோகிராபருக்கு எரிந்து என் ஃபிளாஷ் ஓய்ந்திருந்தது. படம் முழுக்க இருட்டு.

“அண்ணே, நீங்களும் இதே ட்ரிகரா? இது எல்லாத்துக்கும் ஒரே சேனல்தான், மாத்தவே முடியாது” என்று அவரும் தலையில் அடித்துக்கொண்டார். கடைக்காரர் “எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க” என்றபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். எல்லாரும் வாங்கினால் எல்லாருக்கும்தானே எரியும்.

கவலைப்படாதே, வேலைக்கு ஆபத்தில்லை. முதலாளி இரண்டு நாள் பேசமாட்டார், அவ்வளவுதான். சேனல் மாற்றக்கூடிய இரண்டு ட்ரிகர்களை இரவல் வாங்கி அறையில் சோதிக்கிறேன். ஒன்று பத்துக்கு மூன்று முறை முரண்டு பிடிக்கிறது. மற்றது ஒழுங்காக எரிகிறது. ஆனால் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்க எதிரே ஆளில்லை. அங்கே என்றால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, முறைத்துக்கொண்டாவது நிற்பாய். இங்கே இன்னொரு ஸ்டாண்டில் என் சட்டையை மாட்டியிருக்கிறேன்.

பீரோவின் மேல்தட்டில் என் பழைய ஃபிளாஷ் வயர் இருக்கும், அனுப்பு. அது அடுத்தவர் விரலுக்கு எரியாது. அப்படியே சுவரோரம் நின்று உன் உயரத்தை அளந்து எழுது. இத்தனை வருஷம் எதிரே நிற்கவைத்தும் எனக்கு அது தெரியவில்லை.

வேன் ஹார்ன் அடிக்கிறது. சட்டையை இறக்க வேண்டுமா, ஏற்ற வேண்டுமா என்று மட்டும் சீக்கிரம் சொல்.