ஒரு பக்கம் நீண்ட பாவாடைகள்

மூச்சு முட்ட என்னைப் பொத்திப் பொத்தி வளர்த்த அம்மாவுக்கு,

நீ தைத்துக் கொடுத்த பாவாடைகளையெல்லாம் கத்திரி போட்டு வெட்டிவிட்டேன். அண்ணன் உன் படத்துக்கு முன்னால் நின்று கோள் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுக் கோபித்துக்கொள்.

இடது பக்கம் மட்டும் நாலு விரல் கூடுதலாகத் தொங்கும்படி தைப்பாயே, இரும்புக் கம்பி மாட்டிய என் கால் யார் கண்ணிலும் படக் கூடாதென்று! பொள்ளாச்சி வீட்டுக்கு விருந்தாளி வருமுன்பே என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிடுவாய். அவர்கள் கிளம்பும்வரை நான் எழுந்திருக்கக் கூடாது. அண்ணன் கல்யாணத்தில் கூடப்பிறந்தவள் பக்கத்தில் நின்று செய்யும் இணைச்சீரைச் செய்யச் சொந்தத் தங்கை நான் இருக்க, பெரியப்பா மகளை நிறுத்தினாய். யாராவது கேட்டால், "ஊஞ்சல்ல இருந்து விழுந்துபோட்டாளுங்க" என்பாய். போலியோ என்ற சொல் நம் வீட்டுக்குள் வந்ததே இல்லை. உனக்கு வெட்கமா அம்மா, பயமா?

சிலைக் கண்காட்சி ஒன்றுக்காக என் காலையே செய்ய நினைத்து, களிமண், சிமெண்டு எல்லாம் வைத்துச் செய்து பார்த்தேன். எதுவும் என் காலாக வரவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரி மாவுக்கட்டுத் துணியைத் தண்ணீரில் நனைத்து என் காலிலேயே சுற்றி அச்செடுத்தேன். சின்ன வயதில் ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்கில் அதற்குள் கிடந்தவள் அல்லவா, அந்த ஈரம் பட்டதும் உடம்பு நடுங்கிவிட்டது. சூம்பிய கெண்டைக்கால், வளைந்த பாதம், எல்லாம் அப்படியே வந்தது. அதன்மேல் உன் பாவாடைக் கரைகளை வெட்டி ஒட்டி, என் காலில் மாட்டிய பழைய காலிப்பர் கம்பியின் தோல்பட்டையைக் கட்டினேன். 'என் இடது கால்' என்று பேர் எழுதி வைத்தேன்.

கோவையில், ரேஸ்கோர்ஸ் பக்கம் ஓர் அரங்கில் கண்காட்சி. அதே வாரம் பார்த்து அண்ணன் மகள், நம் ஹரிணிக்குக் கோபிசெட்டிபாளையத்தில் இடம் கூடி வந்தது. மாப்பிள்ளையின் அம்மா, "அத்தைக்காரி செஞ்சதயும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போறமுங்க" என்றாராம். அவர்கள் வருவதற்கு முதல் நாள் சாயங்காலமே அண்ணன் அரங்குக்கு வந்துவிட்டார்.

"ஏன் அம்மணி, அம்மா தெச்சத வெட்ட உனக்கு எப்படி மனசு வந்துச்சு? அந்தக் காலை மட்டும் எடுத்து உள்ள வெச்சுரு. அவிங்க பாத்துட்டுப் போகட்டும்."

"அது எம்பட காலுங்கண்ணா."

"எம்பட புள்ளையோட வாழ்க்கை அம்மணி."

ஹரிணி நான் தூக்கி வளர்த்தவள். ஆனாலும் அந்தக் காலை எடுக்கவில்லை.

மறுநாள் அவர்கள் வருமுன் அண்ணன் ஒரு நாற்காலியைப் போட்டு, "இங்கயே உக்காந்துக்க கண்ணு" என்றார். உன் பிள்ளை இல்லையா! வெட்கம்கெட்டவள், நானும் உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா நேராகப் போய் அந்தக் காலுக்கு முன்னால் நின்றார். "ஏனுங்க, இது ஆரு காலுங்க?"

"தங்கச்சி சின்னப் புள்ளைல ஊஞ்சல்ல இருந்து விழுந்துருச்சுங்க. அப்பப் போட்ட மாவுக்கட்டை வெச்சு ஏதோ வெளையாட்டுக்குச் செஞ்சிருக்குதுங்க" என்றார் அண்ணன்.

அந்தம்மா குரலைத் தணித்துக்கொண்டார். "விழுந்த காலு இப்பிடிச் சூம்புமுங்களா? தப்பா நெனைக்காதீங்க. பரம்பரையா வர்றதுங்களா? அதான் மறைக்கறீங்களா?"

அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை. பார்த்தாயா அம்மா? மானம் காக்க நீ சொன்ன பொய் உன் பேத்தியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

எழுந்தேன். காலிப்பர் டக் டக்கென்று தரையில் இடிக்க, அத்தனை பேர் பார்க்க நடந்து போனேன். "இது என்னுதுங்க. போலியோங்க. கைக்கொழந்தையா இருக்கறப்ப காய்ச்சல் வந்துச்சு. பரம்பரை எல்லாம் இல்லீங்க" என்றேன். சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன்.

அவர் என் காலைப் பார்த்தார், செய்த காலைப் பார்த்தார். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். வீட்டில் கலந்துகொண்டு சொல்வதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்கள்.

இன்னும் பதில் வரவில்லை. அண்ணன் என்னோடு பேசுவதில்லை. போன் அடித்தால் எல்லோருக்கும் திக்கென்கிறது.

நேற்று ஹரிணி அரங்குக்கு வந்தாள். என்னால் கெட்டுப்போச்சு என்று திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவளோ நேராக அந்தக் காலுக்கு முன்னால் போய் நின்றாள். "ஊஞ்சல்ல விழுந்த கதைய நானும் எப்பவுமே நம்புனதில்ல அத்தை. எனக்குப் பொறக்கற கொழந்தைக்கும் இப்பிடி வந்துருமோன்னு பயந்துட்டே இருந்தேன். ஆருகிட்டக் கேக்கறதுன்னே தெரியல" என்றாள். சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள்.

நம் வீட்டுக்குள்ளேயே பயந்து கிடந்திருக்கிறாள் அம்மா. நம் குழந்தை.

கோபியிலிருந்து என்ன சொல்லி அனுப்பினாலும் சரி, அந்தக் காலை நான் உள்ளே எடுத்து வைக்கப்போவதில்லை. இனி இந்த வீட்டில் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும், அது கேட்பதற்கு முன்பே, நானே உட்காரவைத்து, இது போலியோ என்று சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் மகள், ஹரிணியின் அத்தை,
கோகிலா