உட்காரத் தோதாக ஒரு கல்

அன்புள்ள கெண்ட்ராவுக்கு, உன் அம்மா எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் கோழிகளும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த மழை ஊரில் அதிகம் நனையாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நான் ஒன்று சொன்னால் நீ பாதியில் பாய்வாய், நீ பாய்ந்தால் நானும் பாய்வேன், கடைசியில் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. எழுத்துப் பிழைகளைப் பார்த்துச் சிரிக்காதே, எட்டாவதோடு என்னை நிறுத்தியது உன் தாத்தா, கேட்பதானால் அவரைப் போய்க் கேள்.

அப்பாவின் மூச்சு மெஷினைக் கம்பெனிக்காரர்கள் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அது இருந்தவரை அந்தச் சத்தத்தில் தூங்கவே முடியவில்லை என்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன், இப்போது அது இல்லாமல் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. அவர் நாற்காலியில் பூனை உட்கார்ந்துகொள்கிறது, நானும் விரட்டுவதில்லை, யாராவது ஒருவர் அதில் உட்கார்ந்துகொண்டு என்னை முறைத்துப் பார்த்தால்தான் எனக்குச் சமையல் ஓடுகிறது. ஒரு ஆளுக்கு எவ்வளவு பீன்ஸ் அவிப்பது என்று இன்னும் கை பழகவில்லை. மிச்சமெல்லாம் கோழிக்குத்தான் போகிறது, கென்டக்கியிலேயே கொழுத்த கோழிகள் இப்போது நம் வீட்டில்தான் இருக்கும்.

தேர்தல் வேறு வந்துவிட்டது. கட்சிக்குள் ஆளைப் பொறுக்கும் முதல் தேர்தல்தான், அதற்கே இந்த ஆட்டம். போன வாரம் யானைச் சின்னத்துக் கட்சிக்காரன் ஒருவன் நம் சபைக் கூடத்துக்கு வந்தான், காலில் புது பூட்ஸ், அதில் ஒரு துளி சேறு இல்லை, தலையில் சுரங்கத் தொப்பி, அதில் விலைச்சீட்டைக்கூட ஒழுங்காகக் கிழிக்கவில்லை. நிலக்கரியைத் திரும்பக் கொண்டு வருவேன் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். “நிலக்கரிய அப்புறமா கொண்டு வாப்பா, மொதல்ல அது தின்ன என் வீட்டுக்காரரோட நுரையீரலக் கொண்டு வா” என்றேன். படம் எடுக்க வந்த பையன் கேமராவைத் தாழ்த்திவிட்டான். இரண்டு நாள் கழித்துக் கழுதைச் சின்னத்துக் கட்சிக்காரி வந்தாள், நல்ல பெண்தான், பல்லெல்லாம் முத்து மாதிரி, சுரங்கத்து ஆட்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் சொல்லித் தருவோம் என்றாள். நம் பக்கத்து வீட்டு வெர்ல் அவளிடம் தன் கையைத் தூக்கிக் காட்டினான், அதில்தான் மூன்று விரல் இல்லையே, “எந்த வெரலால தட்டணும்னு நீங்களே சொல்லுங்கம்மா” என்றான். இரண்டு பேருமே நம் பீன்ஸையும் சோள ரொட்டியையும் வாயில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள், இரண்டு பேருமே விழுங்கவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாப்பாட்டை விழுங்காதவனுக்கு என் ஓட்டு கிடையாது, அது எந்த மிருகமாக இருந்தாலும் சரி.

உனக்குச் சொன்னேனா தெரியவில்லை, நானும் அப்பாவும் ஒரு தேர்தலில் ஒப்பந்தம் போட்டோம். நான் போடுவது அவர் போடுவதை அடித்துவிடும், அவர் போடுவது என்னுடையதை அடித்துவிடும், பிறகு எதற்குப் பெட்ரோலைக் கொளுத்திக்கொண்டு அவ்வளவு தூரம் போக வேண்டும், இரண்டு பேரும் வீட்டிலேயே இருப்போம் என்று கை அடித்துக்கொண்டோம். மத்தியானம் அவர் கோழித் தீவனம் வாங்கப் போகிறேன் என்று பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் வெர்ல் மனைவியின் காரில் ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். போய் வரிசையில் நின்றால் எனக்கு முன்னால் நிற்கிற முதுகு எனக்கு நன்றாகத் தெரிந்த முதுகு. திரும்பிப் பார்த்துவிட்டு, “ஒண்ணுக்குப் போக வந்தேன் நெல்டா” என்றார். “நானும் அதுக்குத்தான் வந்தேன்” என்றேன். இரண்டு பேரும் போட்டுவிட்டு ஒரே வண்டியில் வீட்டுக்கு வந்தோம், தீவனம் வாங்க மறந்துவிட்டார். அந்த மனிதரோடு நான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியது இப்படித்தான். நீயும் அவரும் அப்படிச் சண்டை போடக் கற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் என் வருத்தம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், மலைமேல் நம் கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைத்த அன்றைக்கு நடந்ததை நீயும் மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. எள்ளுத்தாத்தா இலைஷாவின் கல் பக்கத்தில் உன் சித்தப்பா கார்லிஸ் வருஷா வருஷம் நடுகிற, உள்நாட்டுப் போர்க் காலத்துத் தெற்குப் படைக் கொடியை நீ பிடுங்கிக் குப்பைப் பீப்பாயில் போட்டாய். அப்பா, “உன் ரத்தத்தையே பிடுங்கிப் போடுறியாடி” என்றார். நீ, அடிமை வைத்திருந்தவர்களுக்காகச் சண்டை போட்டவன் ரத்தம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என் ஆப்பிள் கேக்கைத் தொடக்கூட இல்லாமல் காரில் ஏறிவிட்டாய். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் இரண்டு பேரும் மழையைத் தவிர வேறு எதையாவது பேசிக் கேட்டதில்லை.

நீ போனதற்கப்புறம்தான் அப்பா இந்த வம்ச ஆராய்ச்சியில் இறங்கினார். மூக்கில் குழாயோடு நூலகத்துக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார். இலைஷா தாத்தா அந்தப் போரில் தெற்குப் படையில் யார், எங்கே சண்டை போட்டார், அடிமை வைத்திருந்தாரா இல்லையா என்று கண்டுபிடித்து உனக்குக் காட்ட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மாட்டுக்கொட்டகைக்கே வழி இல்லாதவர் அடிமையை எங்கே வைத்திருப்பார், இதை நானே சொல்லியிருப்பேன், என்னை யார் கேட்டார்கள். தேடத் தேட இந்த மலையில் இலைஷா பிரிச்சர்ட் என்ற பெயரில் ஆட்கள் முளைத்துக்கொண்டே வந்தார்கள். ஒருவன் குதிரைத் திருடன், ஒருவன் இரண்டு பெண்டாட்டிக்காரன், ஒருவன் இரண்டுமே. எனக்கு அந்தக் குதிரைத் திருடனைத்தான் பிடித்திருந்தது, ஏதோ வேலை செய்திருக்கிறானே. எச்சிலைத் துப்பி அனுப்பினால் ரத்தம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறார்களாமே, அதையும் செய்தார். நாம் எல்லோரும் ஏழை வெள்ளைக்காரர்கள் என்று பதில் வந்தது. அதற்குக் காசு வாங்கிக்கொண்டு சொல்கிறார்கள், கண்ணாடி பார்த்தால் போதாதா. கடைசிவரை நம் இலைஷா கிடைக்கவில்லை. பிப்ரவரியில் அப்பாவே போய்விட்டார்.

இப்போது கேள். போன மாதம் அப்பாவுக்குக் கல் நடுவதற்கு அளவெடுக்க, கல் வேலை செய்கிற டக்கெட் வந்தார். நானும் கார்லிஸும் மலைமேல் அவரோடு போனோம். கார்லிஸுக்குக் கருங்கல்லில் ஒரு கழுகு, கழுகுக்குக் கீழே ஒரு நிலக்கரி லாரி, லாரிக்குள் உன் அப்பா சிரிக்கிற மாதிரி வேண்டுமாம். நான், உயிரோடு இருந்தபோது அந்த லாரிக்குள் அவர் ஒரு நாளும் சிரித்ததில்லை என்றேன். டக்கெட் நடுவில் மாட்டிக்கொண்டு, பேச்சை மாற்ற இலைஷாவின் கல்லைப் பார்க்கப் போனார். “இது யாரு?” என்று கேட்டார். கார்லிஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “எங்க தாத்தா, தெற்குப் படை. கல்லோட தலையப் பாத்தாலே தெரியலையா?” என்றார். உனக்குத்தான் தெரியுமே, தெற்குப் படை ஆட்களுக்கு வைக்கிற கல்லுக்குத் தலை கூராக இருக்கும், வடக்கத்தியான் எவனும் மேலே உட்கார்ந்துவிடக் கூடாதென்று அப்படிச் செய்தார்கள் என்பார்கள். வடக்குப் படை ஆட்களின் கல்லுக்குத் தலை உருண்டை. நம் தாத்தா கல்லின் தலை கூர், அதனால் அவர் தெற்கு, நம் குடும்பத்துக்கு அதற்கு மேல் ஒரு அத்தாட்சி என்றைக்கும் தேவைப்பட்டதில்லை.

டக்கெட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். கையால் தலையைத் தடவிப் பார்த்தார். தண்ணீர் கேட்டு வாங்கிப் பாசியைத் தேய்த்தார். “கூரா செதுக்குன கல்லு இல்லீங்க இது. ரெண்டு தோளும் ஒடஞ்ச கல்லு” என்றார். மரம் கிரம் விழுந்திருக்கும் என்றார். பெயரைச் சுற்றி ஒரு வளைவுக் கோடு இருக்குமே, நாம் எல்லோரும் விரிசல் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே, அது விரிசல் இல்லையாம், கேடயமாம், வடக்குப் படைக் கல்லில் மட்டும் செதுக்குவதாம். கார்லிஸ் முகம் அவிந்த பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது. “எங்க வம்சத்தப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றியா நீ?” என்று கத்தினார். டக்கெட் கல்லின் அடியில் மண்வெட்டியால் மெதுவாகக் கிளறினார், ஒரு ரொட்டித் துண்டு அளவுக்குக் கல் வந்தது, கழுவி எடுத்து மேலே வைத்தார். அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. உருண்டைத் தோள்.

கார்லிஸ் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, “அப்ப அவரு வேவு பாக்க அந்தப் பக்கம் போயிருப்பாரு” என்றார். நான் சிரித்துவிட்டேன், அப்பா போனதற்கப்புறம் முதல் தடவையாக, வயிறு வலிக்கிற அளவுக்கு, அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தது எப்போது அழுகையாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை. உன் சித்தப்பா என் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, “அண்ணன் இருந்திருந்தா மொதல்ல யாருக்குப் போன் போட்டிருப்பாருன்னு எனக்குத் தெரியும் அண்ணி” என்றார். எனக்கும் தெரியும். மழையைப் பற்றிப் பேசாத ஒரு போன் வந்திருக்கும் உனக்கு. அப்பா டி.வி.யில் தினமும் உங்கள் ஊர் மழையைப் பார்த்துவிட்டுத்தான் நம் ஊர் வெயிலைப் பார்ப்பார், உன்னோடு பேச அது ஒன்றாவது கையில் இருக்க வேண்டும் என்று. அதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னைத் தடுத்து வைத்திருந்தார். இப்போது தடுக்க ஆள் இல்லை, சொல்லிவிட்டேன்.

கார்லிஸ் இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் முடி வெட்டுகிற கடையில், எங்கள் தாத்தா மட்டும் இல்லையென்றால் இந்த நாடே இரண்டாகப் போயிருக்கும், அடிமைகளுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்ததே எங்கள் குடும்பம்தான் என்று பேசிக்கொண்டிருந்தாராம், வெர்ல் வந்து சொன்னான். தாத்தா அவர் குழியில் புரளவில்லை, புரண்டதெல்லாம் உன் சித்தப்பாதான். இந்த நாட்டு அரசியலும் எனக்கு இப்படித்தான் தெரிகிறது, கல்லின் தலை உடைந்ததா செதுக்கியதா என்று குனிந்து பார்க்க ஒருவனுக்கும் முதுகு வளையாது, கொடியை நட மட்டும் எல்லோருக்கும் கை நீளும்.

நீயும் அங்கே உட்கார்ந்துகொண்டு ஜெயித்துவிட்டோம் என்று குதிக்காதே. நீ பிடுங்கியது பிடுங்க வேண்டிய கொடிதான், அதில் நான் அன்றைக்கும் உன் பக்கம், அப்பாவிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் தாத்தா தெற்கு என்றுதான் நீயும் நம்பினாய், நம்பித்தான் அந்த ரத்தம் வேண்டாம் என்றாய். வேண்டாம் என்று சொன்னபோது நீ இலைஷாவைப் பார்த்துச் சொல்லவில்லை மகளே, அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாய். அவர் நடக்க முடியாமல் நூலகத்துக்குப் போய்த் தேடியதும் இலைஷாவை இல்லை.

அடக்கத்தன்று நீ வந்தாய், எல்லோருக்கும் பின்னால் நின்றாய், நின்றபடியே விமானத்துக்குக் கிளம்பிவிட்டாய். நாற்காலி போட்டிருந்தது, உனக்காகத்தான் போட்டு வைத்திருந்தேன், நீ உட்காரவில்லை. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

டக்கெட் கடைசியில் என்னிடம் வந்து, “அண்ணனுக்குக் கல்லு எப்படிம்மா, தலை கூரா வைக்கவா, உருண்டையா வைக்கவா?” என்று கேட்டார். கார்லிஸ் வாயைத் திறப்பதற்குள் நான், தட்டையாக வை என்றேன். கூர் வைத்தால் ஒரு கூட்டம் உட்காரக் கூடாது, உருண்டை வைத்தால் இன்னொரு கூட்டம் வழுக்கி விழும். பெஞ்சு மாதிரி உயரம் குறைவாக, இரண்டு பேர் நெருக்கி உட்காருகிற அகலத்துக்கு வை, முன்பக்கம் டெல்மர் பிரிச்சர்ட் என்று பெயர் போடு, கழுகும் வேண்டாம் லாரியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கார்லிஸ், “செத்தவர் மேல உக்காருவாங்களா யாராவது?” என்று கேட்டார். இருந்தபோது அவர் மடியில் உட்கார்ந்து வளர்ந்த பெண் ஒருத்தி இருக்கிறாள் என்றேன்.

பூ வைக்கிற நாள் இந்த மாதக் கடைசியில் வருகிறது. கல்லை அதற்குள் நட்டுவிடுவதாக டக்கெட் சொல்லியிருக்கிறார். இந்த வருஷம் இலைஷாவுக்கு எந்தக் கொடியும் கிடையாது, பூ மட்டும்தான், கார்லிஸிடமும் சொல்லிவிட்டேன், அவர் இப்போது வடக்குப் படைக் கொடி வாங்கி வைத்திருப்பதாகக் கேள்வி, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆப்பிள் கேக்கை அடுக்கடுக்காகப் பழக்கூழ் தடவி வைக்கிறேன், ஊறினால்தான் நன்றாக இருக்கும், நீ வருகிறாயா இல்லையா என்று ஒரு வாரம் முன்னால் தெரிந்தால் போதும். வந்து அந்தக் கல்மேல் உட்கார்ந்து, அவரிடம் என்ன பேச வேண்டுமோ பேசு, திட்டுவதானாலும் திட்டு, இந்தத் தடவை அவர் போனை வைக்க மாட்டார். பக்கத்தில் எனக்கும் இடம் விட்டு உட்கார்.

வேளைக்குச் சாப்பிடு, அந்த ஊர் மழையில் தலையைக் காயவிடாமல் தூங்காதே, ஆண்டவர் உன்னை உள்ளங்கையில் வைத்துக் காப்பாராக. மறக்காமல் ஒரு தடிமனான போர்வை எடுத்து வா, மே மாதமானாலும் மலைமேல் காலையில் கல் சில்லென்று இருக்கும்.

என்றும் உன்மேல் பிரியமுள்ள அம்மா,
நெல்டா பிரிச்சர்ட்