பன்னிரண்டாம் குறிப்பு

பெப்ரவரி 9, திங்கள்

பல் வைத்தியரிடம் போய் வந்தேன். ஒரு பக்க உதடு மரத்துக் கிடக்கும்போதுதான் ஹரீஷ் கூப்பிட்டார். இருபது வருடமாக எனக்கு வேலை தரும் மொழிபெயர்ப்பு நிறுவனத்தை இப்போது நடத்துபவர். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர், என்னைவிட வயதில் சின்னவர்.

“அக்கா, இந்தத் தடவ ஆஸ்பத்திரியும் இல்ல, கோர்ட்டும் இல்ல. மியூசியம்!”

அமெரிக்கா பிறந்து இருநூற்றைம்பது வருடமாம். அதன் முதல் இருபது வருடங்களைப் பற்றி லண்டனில் ஒரு கண்காட்சி. சுவரில் பதினெட்டுக் குறிப்புகள், பார்க்க வருகிறவர்களுக்கு எட்டு மொழிகளில் கைப்பிரதி. தமிழும் ஒன்று. பாதி உதட்டால் ஓம் என்றேன். நோயின் பெயரும் குற்றப்பத்திரிகையும் இல்லாத வேலை எத்தனை வருடத்துக்குப் பிறகு!

பெப்ரவரி 13, வெள்ளி

ஆறு குறிப்புகள் முடிந்தன. பாவமாக இருக்கிறது அந்த நாட்டைப் பார்க்க. பிரிட்டனோடு போட்ட சண்டையில் வென்றுவிட்டார்கள், ஆனால் சண்டை போட்ட சிப்பாய்க்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை. காங்கிரஸ் என்று ஒரு பேரவை இருக்கிறது, வரி போட அதற்கு உரிமை இல்லை. மேற்கே கிடந்த நிலத்துக்காக மாநிலங்களுக்குள் இழுபறி. மாசசூசெட்ஸில் வரி கட்ட முடியாத விவசாயிகள் துப்பாக்கி தூக்கிவிட்டார்கள். தெற்கே ஸ்பெயின் மிசிசிப்பி ஆற்றை மறித்து நிற்கிறது. வடக்கே பிரிட்டன், விட்டுப் போகிறேன் என்று கையெழுத்துப் போட்ட கோட்டைகளைப் பதின்மூன்று வருடம் விடவில்லை.

புது நாடு என்றால் எனக்கு மனம் இளகிவிடும். தமிழருக்கு ஒரு நாடு, நாடு என்று கேட்டே வளர்ந்த தலைமுறை நான்.

பெப்ரவரி 16, திங்கள்

எட்டாம் குறிப்பு. 1783இல் நடந்த சமாதான ஒப்பந்தத்தில் மிசிசிப்பி வரைக்கும் நிலத்தைப் பிரிட்டன் விட்டுக்கொடுத்தது. அங்கே வாழ்ந்த ஷாவ்னி, மயாமி, டெலவேர் என்ற பூர்வகுடி மக்களை அந்த மேசைக்கு யாரும் கூப்பிடவில்லை. மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள், அது நல்லது. ஆனால் என் இளகிய மனம் இறுகிக்கொண்டது. புது நாட்டின் தலைவலிகள் என்று இத்தனை நாளும் நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்ததில் பாதி வேறு ஆட்களின் வீடும் வயலும்.

பெப்ரவரி 18, புதன்

மற்றப் பதினேழும் முடிந்தன. பன்னிரண்டில் மட்டும் நிற்கிறேன்.

1794. மேற்கில் வாழ்ந்த அந்த மக்கள் கூட்டணி அமைத்து, மூன்று வருடம் முன்பு அமெரிக்கப் படையை நொறுக்கியிருந்தார்கள். அவர்களுக்குத் துப்பாக்கி கொடுத்தது பிரிட்டன். நாங்கள் பின்னால் நிற்கிறோம் என்று நம்பவைத்ததும் பிரிட்டன். இந்த முறை தோற்றுவிட்டார்கள். பக்கத்தில் பிரிட்டிஷ் கோட்டை ஒன்று இருந்தது. அதை நோக்கி ஓடினார்கள். குறிப்பின் கடைசி வரி இதுதான்: ‘கோட்டைக் கதவுகள் மூடியபடி இருந்தன.’

நாலு தரம் எழுதி நாலு தரமும் அழித்தேன். மூடியபடி இருந்தன! யார் மூடினது? காற்றா?

நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே கதைதான். உள்ளே இருந்த தளபதி திறக்க மறுத்தான். அமெரிக்காவோடு இன்னொரு யுத்தம் வரும் என்று பயம். பயந்தான் என்றே எழுதலாமே.

‘உள்ளே இருந்த பிரிட்டிஷ் படை கதவைத் திறக்க மறுத்தது’ என்று எழுதி, ஏன் இப்படி எழுதினேன் என்று ஒரு குறிப்பும் வைத்து, பதினெட்டையும் அனுப்பிவிட்டேன்.

பெப்ரவரி 24, செவ்வாய்

“அக்கா, ஒரிஜினல்ல இல்லாதத நீங்க சேத்திருக்கீங்கன்னு மியூசியத்துல சொல்றாங்க.”

“ஒரிஜினலில ஆளைக் காணேல்லை, தம்பி. ஆளைத்தான் சேர்த்தனான்.”

“நம்ம வேல மொழிபெயர்க்கிறதுதானே அக்கா? திருத்துறது இல்லையே.”

“அப்ப இங்கிலீஷைத் திருத்தச் சொல்லுங்கோ. நான் அப்பிடியே மொழிபெயர்க்கிறன்.”

ஹரீஷ் பெருமூச்சு விட்டது இங்கே கோலியர்ஸ் வுட்டில் என் வீடு வரைக்கும் கேட்டது.

சாப்பிடும்போது பாலாவிடம் சொன்னேன். என் மனுசனுக்குப் பஸ் டிப்போவில் வேலை. எந்தச் சண்டையும் அவருக்கு ஷிப்ட்டைக் கெடுக்கும் சண்டைதான்.

“உமக்கு ஏன் இந்தச் சோலி? இருநூறு வருசத்துக்கு முந்தின கதவு.”

“பூட்டினவையின்ர ஆக்கள் இண்டைக்கும் இருக்கினம். தானாப் பூட்டினது எண்டு இண்டைக்குத்தான் எழுதுகினம்.”

“எழுதட்டுமேன். அவையின்ர சுவர்.”

“என்ர தமிழ்.”

பருப்பை என் பக்கம் தள்ளிவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

பெப்ரவரி 27, வெள்ளி

ஏன் இவ்வளவு கோபம் எனக்கு? எழுதிப் பார்த்தால்தான் விளங்கும்.

2007. அகதி விண்ணப்ப நேர்காணல் ஒன்று. மேரிறோஸ், மன்னார்ப் பெண், மடியில் கைக்குழந்தை. “வீடு எரிஞ்சுபோச்சு” என்றாள். யார் என்று சொல்லப் பயம். நான் ஆங்கிலத்தில் வீடு எரிந்துபோனது என்றேன். சொல்லுக்குச் சொல் சரி. முடிவுக் கடிதத்தில் இப்படி வந்தது: விண்ணப்பதாரியின் வீடு தீ விபத்தில் அழிந்தது, ஆகவே இது துன்புறுத்தல் ஆகாது.

மேன்முறையீட்டில் வென்றாள். இரண்டு வருடம் கழித்து. அந்த இரண்டு வருடமும் குழந்தையோடு ஒரு அறைக்குள் கிடந்தாள்.

நான் எந்த விதியையும் மீறவில்லை. அதுதான் இன்றைக்கும் குத்துகிறது. எரிஞ்சதா, எரிச்சவையா என்று ஒரு கேள்வி. தெளிவாக்கிக் கேட்க எனக்கு உரிமை இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

இந்த முறை ஏலாது. ஏலவே ஏலாது.

மார்ச் 3, செவ்வாய்

ஹரீஷுக்கு ஒரு வரி அனுப்பினேன். பன்னிரண்டாம் குறிப்பை மாற்றமாட்டேன், வேறு ஆள் மாற்றினால் கைப்பிரதியில் என் பெயர் போடவேண்டாம்.

மார்ச் 12, வியாழன்

வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். பத்ரிநாராயணன் என்று இல்ஃபோர்டில் ஒருவர். தஞ்சாவூர்ப் பக்கம், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவராம். ஒரு வரிதானே, ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்திருப்பார்.

மார்ச் 19, வியாழன்

அந்த மனிதரே கூப்பிட்டார். முதலில் வெட்டிப் பேசினேன்.

“கோவப்படாதீங்கம்மா. எனக்கு அமெரிக்காவும் தெரியாது, அரசியலும் வேணாம். ஆனா ‘மூடியபடி இருந்தன’ன்னு எழுதிட்டுப் பேத்திகிட்ட படிச்சுக் காட்டினேன். யார் தாத்தா மூடினாங்கன்னு கேக்கறா. பத்து வயசுப் பொண்ணு!”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“என்ன சொல்றது? அந்த வரிய வெறுமையா விட்டு அனுப்பிட்டேன். ‘மூடிய’ என்பதற்கு எழுவாய் கிடைத்ததும் நிரப்பித் தருகிறேன்னு ஒரு குறிப்பு போட்டேன்.”

எழுவாய்! நான் ஒரு மாதமாகக் கத்தியதை அந்த மனிதர் ஒரு இலக்கணச் சொல்லில் முடித்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒருத்தி மறுத்தால் அவளைப் பிடிவாதக்காரி என்று விடலாம். இரண்டு பேரை என்ன செய்வார்கள்?

ஏப்ரல் 1, புதன்

கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நான், பத்ரி சார், ஹரீஷ். எதிரே ஃபியோனா, கண்காட்சிக்குப் பொறுப்பானவர். நல்ல பெண். தேநீர் தானே ஊற்றித் தந்தார். கதவை யார் மூடினார்கள் என்பது எல்லோருக்கும் விளங்கும்தானே என்றார்.

“யாருக்கு?” என்று கேட்டேன். “பத்தாம் குறிப்பில் அமெரிக்கா ஒப்பந்தத்தை மீறியது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே செய்தவர் இருக்கிறார். உங்கள் கோட்டைக்கு வந்தவுடன் அவரைக் காணோம்.”

ஒரு குறிப்புக்கு அறுபது சொற்கள்தான் என்றார். பத்ரி சார் விரலை விட்டு எண்ணினார். ‘கோட்டைப் படை கதவைப் பூட்டியது.’ ஆங்கிலத்தில் அதற்கு ஐந்தே சொல்.

ஃபியோனா சிரிக்கவில்லை. நோட்டில் எதையோ எழுதினார். மேலே கேட்கவேண்டும் என்றார்.

லிஃப்டில் ஹரீஷ் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “நீங்க சொன்னது சரிதான்கா. ஆனா இனிமே அவங்க எனக்கு வேல தரமாட்டாங்க.”

ஹரீஷுக்காகக் கவலைப்பட்டேன். கூட்டத்தில் கேள்வி கேட்டதற்காக இல்லை.

ஏப்ரல் 15, புதன்

தமிழ்க் கைப்பிரதி இல்லை. எட்டு மொழி ஏழாகிவிட்டதாம், அச்சுச் செலவாம். ஆங்கிலக் குறிப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கேட்டுக் கேட்டு இருந்த மொழியையும் இழந்துவிட்டேனா?

ஏப்ரல் 16, வியாழன்

இல்லை. பொய்யோடு அச்சாவதைவிட இது மேல். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு நினைக்கிறேன்.

மே 8, வெள்ளி

ஐந்து கிழமையாக வேலை இல்லை. இன்றைக்கு ஹரீஷ் கூப்பிட்டார். “மியூசியத்துக்குச் சும்மா ஒரு ஸாரி மெயில் போடுங்கக்கா. பழையபடி வேல அனுப்புறேன்.”

“எதுக்கு ஸாரி? சொல்லுங்கோ, எழுதுறன்.”

வேறு அழைப்பு வருகிறது என்று போனை வைத்துவிட்டார். நான் எழுதவில்லை. பின்னேரம் இன்னொரு நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டேன். அனுபவம் என்ற இடத்தில் பன்னிரண்டாம் குறிப்பையும் எழுதினேன். வேண்டுமென்றுதான்.

மே 21, வியாழன்

அந்த நிறுவனம் எடுத்துக்கொண்டது. திங்கள் பிரசவ வார்ட்டில் முதல் வேலை.

யூன் 20, சனி

கண்காட்சி திறந்து ஒரு கிழமை. தனியாகத்தான் போக நினைத்தேன். காலையில் பாலா சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார், ஷிப்ட்டை மாற்றிவிட்டாராம்.

வாசலில் ஏழு மொழிகளில் கைப்பிரதி அடுக்கியிருந்தது. நான் ஒன்றும் எடுக்கவில்லை. நேரே பன்னிரண்டுக்குப் போனேன். பாலா என்னை முந்திக்கொண்டு போய்ச் சுவரில் கிட்டக் குனிந்து, சொல் சொல்லாக வாசித்தார். கடைசி வரியில் நின்றார்.

“கரிசன் எண்டால்?”

“கோட்டைக்குள்ள இருக்கிற படை.”

திரும்ப ஒருதரம் வாசித்தார். “அப்ப தாங்கள்தான் பூட்டினது எண்டு தாங்களே எழுதியிருக்கினம்.”

“ஓம்.”

“உம்மட பேர் ஒரு இடத்திலயும் இல்லையே?”

“இல்லை.”

பாலா என் கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். “சரி, முதலாவதில இருந்து சொல்லும். எனக்கு விளங்கிற மாதிரித் தமிழில சொல்லும்.”

முதலாம் குறிப்புக்குத் திரும்பிப் போய்ச் சொல்லத் தொடங்கினேன், சம்பளம் கிடைக்காத சிப்பாய்களிலிருந்து. மூன்றாம் குறிப்புக்கு வரும்போது, பின்னால் நின்ற வயதான தம்பதியில் அந்த அம்மா என் கையைத் தொட்டார்.

“பிள்ளை, எங்களுக்கும் கேக்கட்டும். கொஞ்சம் உரத்துச் சொல்லுங்கோவன்.”

காவலாளி எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான் உரத்துச் சொன்னேன்.