வீட்டுக்கா, ஹாலுக்கா?

அன்புள்ள கப்பல்காரருக்கு,

இங்கே எல்லாரும் சுகம், உங்கள் கிட்டார் ஸ்பீக்கர் ஒன்றைத் தவிர. அது போய்ச் சேர்ந்துவிட்டது என்று கடைக்காரர் அடித்துச் சொல்லிவிட்டார். உள்ளே இருக்கும் காகிதக் கோன் விளிம்பெல்லாம் பொடிந்து உதிர்கிறது. ஒட்டி ஒப்பேற்ற முடியாதா என்று கேட்டேன். ஒட்டினால் ஏதோ ஒரு சத்தம் வரும், உங்கள் வீட்டுக்காரர் கேட்கிற சத்தம் வராது என்றார். ஆகவே புதிதுதான் வாங்கியாக வேண்டும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நாலு பக்கம் ஸ்பீக்கர், ஒன்றரை வரி ஒப்பந்தம். பன்னிரண்டு அங்குலம், எட்டு ஓம், பழைய காலத்துக் கதகதப்பான சத்தம், காதைக் குத்தக் கூடாது, அடித்தொண்டையில் பேசுவது போல இருக்க வேண்டும் என்று எவ்வளவு விவரம்! எட்டு ஓம், எட்டு ஓம் என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருப்பதைப் பார்த்து, கடலில் சுற்றிச் சுற்றிச் சாமியாராகிவிட்டீர்களோ என்று ஒரு நிமிஷம் பயந்தே போனேன். கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், அந்த ஒன்றரை வரி. கம்பெனி இன்னும் இரண்டு வருஷம் கேட்கிறது, புதுக் கப்பலில் வாசிக்கப் பெரிய ஹால், சம்மதித்தால் ஸ்பீக்கர் பெட்டியை இங்கே கொண்டுவர வேண்டியிருக்கும், யோசித்துச் சொல். அவ்வளவுதான். அடுத்த மாதம் அப்பா வந்துவிடுவார் என்று குட்டி தினமும் காலண்டரில் கோடு கிழித்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் இன்னும் நான் எதுவும் சொல்லவில்லை.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் பேசும்போதெல்லாம் பின்னால் யாராவது தட்டு கழுவிக்கொண்டிருக்கிறார்கள், நான் எது சொன்னாலும் "ம்ம்" என்கிறீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சனிக்கிழமை உங்கள் தங்கை பேக்கரி வேனை எடுத்துக்கொண்டு வந்தாள். ரொட்டித் தட்டுகளை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு, பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடியிலிருந்து இறக்கினோம். பாதிப் படி வரைக்கும் நாங்கள் அதை இறக்கினோம், அதற்குப் பிறகு அது எங்களை இறக்கியது. கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். வீட்டைக் காலி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டார் போல, முகமெல்லாம் சந்தோஷம். இல்லை, புது ஸ்பீக்கர் போடப் போகிறோம் என்றேன். படாரென்று கதவைச் சாத்திக்கொண்டார்.

கடை நீங்கள் சொன்ன சந்தில்தான் இருக்கிறது. உள்ளே நுழைந்தால் தரையிலிருந்து கூரை வரைக்கும் வட்ட வட்டமாக ஸ்பீக்கர்கள், நடுவில் ஒரு ஸ்டூல். கடைக்காரர் ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். உங்கள் நாலு பக்கத்தையும் கையில் கொடுத்தேன். நின்ற இடத்திலேயே பொறுமையாகப் படித்தார். பிறகு அலமாரியிலிருந்து இரண்டை எடுத்து வைத்தார். இரண்டும் பன்னிரண்டு அங்குலம், இரண்டும் எட்டு ஓம். ஒன்று இருபது வாட், பழைய பாணிக் காந்தம். இன்னொன்று நூறு வாட், அதன் காந்தம் அம்மிக்கல் கனம். இரண்டையும் ஒரே மாதிரியான இரண்டு பெட்டிகளில் மாட்டிவிட்டு, வாசித்துக் காட்டக் கையில் ஒரு கிட்டாரை எடுத்துக்கொண்டு, என்னைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார். எது எது என்று தெரியாமல் கேட்டால்தான் காது உண்மை பேசுமாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நான் செய்கிற வேலை அதுதானே. "இது தெளிவா இருக்கா, இல்ல அதுவா?" என்று லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு எத்தனை பேரைக் கேட்டிருப்பேன்! மூன்று தடவைக்கு மேல் கேட்டால் மனுஷர்கள் அலுத்துப்போய் எதையாவது சொல்லிவிடுவார்கள். நானும் அப்படியே, ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு என்று சொல்லிவிட்டேன். உங்கள் தங்கைக்கு இரண்டாவதுதான் பிடித்தது. கச்சேரி மாதிரி இருக்கு அண்ணி, நெஞ்சுல வந்து முட்டுது என்றாள். உண்மைதான், அவர் சத்தமாகத்தான் வாசித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் மாட்டியிருந்த சாவிகள் எல்லாம் ஆடின.

அப்புறம் அவர் என்ன நினைத்தாரோ, சத்தத்தை நன்றாகக் குறைத்து மறுபடி வாசித்தார். இரண்டாவது ஸ்பீக்கரின் சத்தம் ஒரு கதவுக்குப் பின்னால் போய்விட்டது. வருகிறது, ஆனால் உயிரில்லை. முதலாவது அப்படியில்லை. அந்தச் சின்னச் சத்தத்திலும் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகப் பேசியது, கொஞ்சம் கரகரப்போடு, விடியற்காலைத் தொண்டை மாதிரி. எனக்குச் சட்டென்று நீங்கள் பக்கத்து அறையில் இருக்கிறீர்கள் என்று தோன்றிவிட்டது. குட்டி கைக்குழந்தையாக இருந்தபோது, அவள் முழித்துவிடப் போகிறாளே என்று பாதிக் கையால் வாசிப்பீர்கள், நான் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். ஸ்பீக்கர் கடை ஸ்டூலில், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, அழுதேன். நல்லவேளை, திரும்பி உட்காரச் சொல்லியிருந்தார்.

இதுதான் வேணும் என்றேன். உடனே எடுத்துக் கட்டிக் கொடுப்பார் என்று பார்த்தால், கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"அவர் எங்கம்மா வாசிக்கப் போறாரு, வீட்லயா, ஹால்லயா?"

அந்த ஒன்றரை வரிக்குப் பதில் தெரிந்தால்தானே நான் இதற்குச் சொல்ல முடியும்? அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கினார். இந்த இருபது வாட், வீட்டுக்கும் சின்ன அறைக்கும்தான் லாயக்கு. மெதுவாக வாசித்தாலே கனிந்துவிடும், அதுதான் அந்தக் கதகதப்பு. இதைப் பெரிய ஹாலில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு மாதம்கூடத் தாங்காது, கிழிந்துவிடும். நூறு வாட் ஹாலில் ராஜா. வீட்டில் அது தூங்கும், அதை எழுப்புவதற்குள் கீழ்வீட்டுக்காரர் எழுந்துவிடுவார். ரெண்டும் நல்ல சாமான்தான், இடத்தைச் சொல்லுங்க, கொடுக்கிறேன் என்றார்.

கிட்டப் பார்க்கவா, தூரத்துக்கா என்று நான் தினமும் எத்தனை பேரைக் கேட்கிறேன்! பதில் தெரியாமல் விழிப்பவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு நானே அப்படி விழித்தேன். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேனில் உங்கள் தங்கை ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் வந்தால் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும்.

குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது, நான்தான் வாஷர் மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். குளிர்காற்றில் மேல்தளத்தில் போய் நிற்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வீட்டுக்காரி


அன்புள்ள கப்பல்காரருக்கு,

முதலில் திட்டிவிடுகிறேன், பிறகு நலம் விசாரிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு தெளிவாகக் கேட்டேன். வீட்டிலா, ஹாலிலா? நீங்கள் என்ன சொன்னீர்கள்? "உனக்கு எது நல்லா இருக்கோ அதையே வாங்கு." பெரிய மனசு! ஒப்பந்தத்தை என் தலையில் தூக்கி வைத்துவிட்டு, ஸ்பீக்கர் வாங்கச் சொல்கிற மாதிரிப் பேசினீர்கள். லைன் கட்டானது உங்கள் நல்ல காலம். அன்றைக்குப் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகத்தான் கழுவினேன். அம்மா யாரோட சண்டை போடறே என்று குட்டி வந்து கேட்டாள்.

கோபம் ஆறியபிறகு எனக்குப் பயம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். வா என்று ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுவீர்கள், தெரியும். வந்தபிறகு, அந்தப் பெரிய ஹாலில் வாசித்திருக்கலாமே என்று ஒருநாள்கூட நீங்கள் சொல்லமாட்டீர்கள். சொல்லாமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பீர்கள். அதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்? நான்தானே கட்டிப் போட்டேன் என்று ஆகிவிடும். போய்ட்டு வாங்க என்று சொல்லலாம் என்றால், சத்தியமாக, எனக்கு வாய் வரவில்லை. அதுதான் நாலு நாளாக ஒன்றும் வாங்காமல் இருந்தேன். பெட்டி கூடத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. குட்டி அதற்குள் பொம்மைகளைக் குடிவைத்துவிட்டாள்.

புதன்கிழமை உங்கள் தங்கை மீந்த ரொட்டிகளோடு வந்தாள். மனசு தாங்காமல் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் கடிதத்தையும் படிக்கக் கொடுத்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ரொட்டியைக் கடித்துக்கொண்டே நாலு பக்கத்தையும் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, நான் ஏதோ எழுதப் படிக்கத் தெரியாதவள் மாதிரி, நிதானமாகச் சொன்னாள்.

"அண்ணி, இதுல அண்ணன் ஒரு இடத்துலகூட சத்தமா வேணும்னு கேக்கலையே."

வாங்கிப் பார்த்தேன். ஆமாம். கதகதப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். மெதுவாக வாசித்தாலும் கேட்க வேண்டும், யாரையும் எழுப்பக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஹாலுக்குப் போகிறவன் நாலு பக்கத்துக்கு இதையா கேட்பான்? கப்பலில் நீங்கள் வாசிக்கும்போது யாரும் தலையைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை, ஸ்பூன் சத்தம்தான் கேட்கிறது என்று போன மாதம் போனில் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். நானும் கூடச் சிரித்துத் தொலைத்தேன். அந்த ஒன்றரை வரியை எழுதச் சொன்னது கம்பெனி. நாலு பக்கத்தை எழுதச் சொன்னது யார் என்று நான் சொல்ல வேண்டுமா? வரவேண்டும் என்று இருந்தால் வருகிறேன் என்று சொல்ல வேண்டியதுதானே? அதற்கு எதற்கு இவ்வளவு வாட், இவ்வளவு ஓம்?

மறுநாளே கண்ணாடிக் கடையில் அரை நாள் லீவு போட்டுவிட்டு இருபது வாட்டை வாங்கி வந்துவிட்டேன்.

பொம்மைகளைக் காலி செய்யச் சொல்லி, உங்கள் தங்கை டார்ச் பிடிக்க, நானே மாட்டினேன். எட்டுத் திருகு. ஒன்றை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது, எதிரெதிரே கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். அதை எனக்கா சொல்ல வேண்டும்? மூக்குக் கண்ணாடிக்குத் திருகு போட்டுப் போட்டு என் விரலே திருப்புளியாகிவிட்டது. சிவப்புக் கம்பி கூட்டல் குறிக்கு, கறுப்பு கழித்தலுக்கு. ஆம்ப்ளிஃபயரைப் போட்டோம். குட்டி உங்கள் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, போனில் நீங்கள் சொல்லிக்கொடுத்த மூன்று கார்டையும் கம்பிகளை அழுத்திப் பிடித்து வாசித்தாள். இரண்டு சரி, ஒன்று யாரோ நாற்காலியை இழுக்கிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்தார். சண்டைக்குத்தான் என்று நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாரானேன். மனுஷன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "சார் வந்துட்டாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவருக்கும் ஏமாற்றம்தான் போலிருக்கிறது, நம்புங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். கடையில் கேட்ட அந்தக் கனிவு இன்னும் வரவில்லை. கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கிறது. கெட்டுப்போனதைக் கொடுத்துவிட்டீர்களா என்று கடைக்காரருக்குப் போன் போட்டேன். கடையில் நான் கேட்டது பலபேர் வாசித்துப் பழகிய ஸ்பீக்கராம். புதுக் காகிதம் அப்படித்தான் இருக்கும், தினமும் யாராவது வாசித்துக்கொண்டே இருந்தால் சில மாதங்களில் இளகிவிடும் என்றார். சும்மா வைத்திருந்தால் விறைப்பாகவே இருக்குமாம். குட்டியின் மூன்று கார்டை வைத்துக்கொண்டு அதை எப்போது இளக்குவது?

வீட்டுச் செலவை நினைத்துத் தயங்காதீர்கள். என் வேலை இருக்கிறது. குட்டியின் வகுப்பில் இரண்டு பேர் கிட்டார் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். முன்பு உங்களோடு வாசித்த டிரம்ஸ்காரர் வழியில் பார்த்தார், கச்சேரிக்குச் சின்ன இடம் ஒன்று பேசி வைத்திருக்கிறாராம், ஐம்பது பேர்கூட உட்கார முடியாதாம். இருபது வாட் அங்கே தாராளம் என்று அவரே சொன்னார். உடம்பு மெலிந்திருக்கும், பரவாயில்லை, வந்து தேற்றிக்கொள்ளலாம்.

இதற்குள் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் போனில் சொல்லாதீர்கள், கடிதத்திலும் எழுதாதீர்கள். நேரில் வந்து, என் எதிரில் எட்டுத் திருகையும் கழற்றி, நூறு வாட்டை மாட்டிக்கொண்டு போங்கள். நான் அழமாட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் பெட்டியைப் படியிறக்க ஒரு கை பிடிப்பேன்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஸ்பீக்கரைக் கட்டிக் கொடுக்கும்போது கடைக்காரர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். வீட்டில்தான் வாசிக்கப் போகிறார் என்று நாலு பேருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். என்னைப் பொய் சொன்னவளாக ஆக்கிவிடாதீர்கள்.

காத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி