அக்காவின் சந்தனச் சோப்பு

மார்கழி, சனிக்கிழமை இரவு.

இந்த மலையூரில் அம்மா வேலை பார்க்கும் காட்டேஜில் விருந்தினர்கள் விட்டுப்போகும் துண்டுச் சோப்புகளை இன்று காய்ச்சினோம். எலுமிச்சைத் தோலும் சேர்ப்போம். எங்கள் வீட்டில் தரை துடைக்க அதுதான். போன வருடம்வரை அக்கா ஒவ்வொரு துண்டையும் முகர்ந்து, யார் போட்டுக் குளித்தது என்று ஆள் சொல்வாள்.

"இது சென்னைக்காரங்கடி. குளிருக்குப் பயந்து மொகம் மட்டும் கழுவியிருக்காங்க, தேயவே இல்ல பாரு!"

அவள் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். இன்று நான் தனியாக முகர்ந்தேன்.

கடைசித் துண்டு சந்தனச் சோப்பு. அது காட்டேஜிலிருந்து வந்ததல்ல. தீபாவளிக்கு வந்தபோது அக்கா குளித்தது. ஒளித்துவைக்கப் பார்த்தேன். அம்மா பிடுங்கிச் சட்டியில் போட்டுவிட்டாள்.

"அம்மா, அது அக்காவோடது!"

"சோப்ப வச்சுப் பூசையா பண்ணப் போற? வெரசா கிண்டுடி."

எனக்குக் கோபம். வீடு முழுக்கத் துடைத்தேன். எலுமிச்சையையும் மீறிச் சந்தனம் மணந்தது. அக்கா ஈரத்தலையோடு என்னைத் தாண்டிப்போன மாதிரி இருந்தது.

இந்தக் குளிரில் தரை காயாது என்று அம்மா எப்போதும் கதவைத் திறந்துவைக்கச் சொல்வாள். இன்றும் திறக்கப் போனேன்.

"இருக்கட்டும், சாத்து" என்றாள் அம்மா, மூச்சை இழுத்து முகர்ந்தபடி.

தரை இன்னும் ஈரமாகத்தான் கிடக்கிறது.