அரிசி கேட்க வரவில்லை

பினாங்கு
1934, ஆவணி மாதம்

அன்பு மகன் ராமசாமிக்கு,

உன் அப்பன் ஒரு தாயின் பேச்சைப் பாதியில் அறுத்துவிட்டான். மதராஸில் நீ சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் கும்பிடுகிறோம், இங்கே அம்மா சுகம், தங்கச்சி ஜெயலெட்சுமிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, என்னைப் பற்றிச் சுகமென்று எழுதக் கை வரவில்லை. தர்க்கப் பரீட்சையில் ஒரு பத்தியைக் கொடுத்து முக்கிய முடிவு எதுவென்று கேட்டால், ‘ஆகையால்’ என்று வருகிற வரியையே எடுத்து எழுதிக் கெடுக்கிறேன் என்று எழுதியிருந்தாய். நானும் அதையேதான் செய்தேன். உனக்குப் போனது மார்க்கு மட்டும்.

போன வாரம் சுங்கை பாக்காப் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிற வள்ளியம்மா எங்கள் லேபர் ஆபீசில் முறையிட வந்தாள், அவள் தமிழைத் துரைக்கு இங்கிலீஷில் சொல்வது என் வேலை. எடுத்த எடுப்பில், என் மகளைக் கங்காணி வீட்டிலேர்ந்து என்கிட்ட அனுப்பச் சொல்லுங்க என்றாள். புருஷன் செத்ததையும், உன்னால் சோறு போட முடியாது என்று கூலிகளை மேய்க்கிற கங்காணி அவள் பெண்ணை வீட்டு வேலைக்கு இழுத்துக்கொண்டதையும் சொன்னாள். அதனால அரிசியைக் கூட்டிக் குடுங்க சாமி, நானே சோறு போட்டு வச்சுக்கிறேன் என்று கும்பிட்டு முடித்தாள். துரை சாப்பிடப் போக எழுந்துவிட்டார், இவளுக்கு என்னதான் வேண்டும், ஒரே வரியில் சொல் என்றார். அரிசி கூட வேண்டுமாம் என்றேன். உத்தரவு போட்டுவிட்டுத் தர்மம் செய்த முகத்தோடு போனார். அந்தப் பெண் நம் ஜெயலெட்சுமி வயசு, இன்னும் கங்காணி வீட்டில்தான் இருக்கிறாள்.

ஒவ்வொரு வரியையும் எதற்கு என்று கேட்டுப் பாரப்பா. அரிசி எதற்கு, பெண்ணுக்குச் சோறு போட. சோறு எதற்கு, பெண்ணைத் திரும்பக் கூட்டிக்கொள்ள. அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை, அதுதான் முடிவு, முதல் வரியிலேயே வந்தாலும் அதுதான் முடிவு. நம் ஜனங்கள் வந்த காரியத்தை முதலில் சொல்லிவிட்டு, பயத்தில் சின்னதாக ஒன்றைக் கேட்டுக் கும்பிட்டு முடிப்பார்கள். இது எனக்குத் தெரியாததா? தோட்டத்து முதலாளியும் எங்கள் துரையும் ஒரே மேஜையில் குடிக்கிறவர்கள், கங்காணி பேச்சை எடுத்தால் என் வேலை போகும், உன் படிப்பு நிற்கும். வாய் தானாகச் சுலபமான வரிக்குப் போய்விட்டது.

எண்ணெய் தேய்த்துக் குளி, காபி கிளப்புச் சாப்பாட்டைக் குறை, பரீட்சைக்கு முந்தின ராத்திரி கண் விழிக்காதே. என்னைவிட நல்லவனாக இருப்பாய் என்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
பக்கிரிசாமி

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் வள்ளியம்மா மறுபடி ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டாள். துரை உள்ளேதான் இருக்கிறார். அரிசி கேக்கவா ஐயா கடல் தாண்டி வந்தேன், உள்ள போயி என் புள்ளையைக் கேட்டேன்னு சொல்லுங்க என்கிறாள்.